வெளி மண் போட்ட தொட்டியில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஊர்வன வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கு, தோட்டத்திலோ தோப்பிலோ அள்ளிய வெளி மண் போட்ட மறுவாரம் பியர்டட் டிராகன் என்னும் வளர்ப்புப் பல்லி சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், பழி முழுக்க மண்மேல்தான் விழும். "பேப்பர் விரிச்சிருந்தா இந்த வம்பே இல்லை" என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் தண்ணீரிலோ வெப்பத்திலோதான் இருக்கிறது. மண்ணே நேரடிக் காரணமாவது முக்கியமாக ஒரு விஷயத்தில்: பூச்சிமருந்து பட்ட மண். அதை வறுத்தாலும் அவித்தாலும் வெயிலில் காயவைத்தாலும் அது நல்ல மண் ஆகாது. அதனால் அவசரமான அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

பியர்டட் டிராகன், கார்ன் ஸ்னேக், பால் பைத்தான் (பின்னவை இரண்டும் பாம்புகள்) போன்ற வெளிநாட்டு இனங்களை மனதில் வைத்து எழுதியது இது. நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு போன்ற நம்மூர் ஊர்வனவற்றை வீட்டில் வைக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. வெளிநாட்டு இனத்திலும் பால் பைத்தான் மாதிரி சைட்டிஸ் (வனவிலங்கு வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்; 2024-ல் அதற்குத் தனி விதிகளே வந்துவிட்டன. காப்புக்காட்டிலிருந்து மண் அள்ளுவதும் குற்றம்தான்.

உடல் நடுங்குகிறது, எச்சில் வழிகிறது, மல்லாந்து விழுகிறது

புது மண்ணில் விட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இது வந்தால் யோசிக்க நேரமில்லை. பூச்சிமருந்து விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிராணியை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பில் ஒட்டிய மண்ணைக் கழுவி, துடைத்து, காற்றுத் துளை உள்ள டப்பாவில் பேப்பர் போட்டு வையுங்கள். ஒரு பிடி மண்ணைத் தனிப் பையில் கட்டிக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மண் எங்கே எடுத்தது, அங்கே என்ன தெளித்தார்கள் என்ற தகவல் அவருக்கு மிகவும் உதவும். மாற்று மருந்து எந்த வகை விஷம் என்பதைப் பொறுத்தது. பால் ஊற்றுவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். நடுங்கும் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அனுபவமில்லாமல் சொல்லவில்லை. உறவினர் ஒருவருடைய தென்னந்தோப்பில் அருமையான செம்மண். உரமே போடுவதில்லை என்றார், உண்மைதான். மூட்டை கட்டி எடுத்து வந்து, சலித்து, தொட்டியில் கொட்டியும் ஆயிற்று. நல்லவேளையாக, டிராகனை விடுவதற்கு முன்பே தீனிக்கு வைத்திருந்த கிரிக்கெட் பூச்சிகள் சில தப்பி அந்த மண்ணில் விழுந்துவிட்டன. மறுநாள் காலையில் எல்லாம் கால் மடக்கிக் கிடந்தன. விசாரித்தபோதுதான் தெரிந்தது, காண்டாமிருக வண்டுக்காகத் தென்னங்குருத்தில் குருணை மருந்தை மணலோடு கலந்து வைத்திருக்கிறார்கள். மழையில் கரைந்து அடிமண்ணுக்கு வந்திருக்கிறது. அவரைப் பொறுத்தவரை அது உரம் இல்லை, மரத்துக்கு வைத்த மருந்து, அவ்வளவுதான். "மருந்து அடித்தீர்களா?" என்று கேட்டால் போதாது, "கரையானுக்கு, வண்டுக்கு, களைக்கு, எலிக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

அன்றைக்குத் தற்செயலாக நடந்ததை இப்போது சோதனையாகவே வைத்திருக்கிறேன். ஒரு டப்பாவில் இரண்டு அங்குலம் ஈர மண், அதில் பத்து கிரிக்கெட் பூச்சி, ஒரு துண்டு கேரட். பக்கத்தில் பேப்பர் மட்டும் விரித்த டப்பாவில் இன்னொரு பத்து. மூன்று நாள் பார்க்க வேண்டும். மண் டப்பாவில் மட்டும் சாவு அதிகமென்றால் அந்த மூட்டை வெளியே. களைக்கொல்லியைப் பிடிக்க வெந்தயமோ கடுகோ தூவிப் பார்க்கலாம்; முளைக்காமல் போனாலும், முளைத்துச் சுருண்டு வெளுத்தாலும் சந்தேகம்தான். ஈயம் போன்ற உலோகம் இருந்தால் இந்த இரண்டு சோதனையிலும் தெரியாது. அதற்கு இடம் பார்த்து எடுப்பதுதான் வழி. சாலையோரம் வேண்டாம், ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது, ஆனால் மண்ணில் சேர்ந்த ஈயம் எங்கும் போகாது. வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிய மண் (கரையான் மருந்து), பெயின்ட் உதிர்ந்த சுவரடி, சாக்கடை கலக்கும் ஏரி வண்டல், நாய் பூனை கழிக்கும் இடம், கடற்கரை மணல் ஆகியவற்றையும் தள்ளிவிடுங்கள்.

சாப்பிடவில்லை, நாலைந்து நாளாக எச்சம் போகவில்லை

மண்ணைத் தின்று குடல் அடைத்துவிட்டது என்று எல்லோரும் பயப்படும் கட்டம் இது. பயம் பொய்யில்லை, ஆனால் காரணம் பாதிதான் சரி. மத்திய ஆஸ்திரேலியாவின் செம்மணலில் வாழும் பிராணி பியர்டட் டிராகன். இரையோடு கொஞ்சம் மண் உள்ளே போவது அதன் வாழ்க்கையில் தினப்படி. நல்ல சூடும் நீர்ச்சத்தும் இருந்தால் அது வெளியே வந்துவிடும். சூடு குறைந்தால் செரிமானம் நிற்கும். செரிமானம் நின்றால் உள்ளே போன மண்ணும் நிற்கும்.

ஆகவே முதலில் மண்ணைத் தொடாதீர்கள். வெயில் காயும் மூலையில், அது படுக்கிற கல்லின் மேற்பரப்பில் வெப்பத்தை அளந்து பாருங்கள். பியர்டட் டிராகனுக்கு அங்கே 38 முதல் 42 டிகிரி இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய வட்ட மீட்டர் காட்டுவது கண்ணாடியின் சூட்டை. அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அப்புறம் யூவிபி (புற ஊதாக் கதிர்) பல்பு. வெளிச்சம் வருகிறது என்பதற்காக யூவிபி வருகிறது என்று அர்த்தமில்லை, நாள்பட நாள்பட அது குறைந்துகொண்டே போகும். அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. கால்சியம் குறைந்தால் குடலும் மந்தமாகும், எலும்பும் வளையும்.

இவை சரியாக இருந்தால், தோள் மூட்டு வரை மட்டும் எட்டும் 30–32 டிகிரி தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள், பக்கத்திலேயே இருந்து. பலமுறை அதிலேயே வேலை முடிந்துவிடும். வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தாலோ, பின்னங்கால் இழுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ குளியலோடு நிற்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வேண்டுமென்றே மண்ணை நக்கி நக்கித் தின்கிறது என்றால் அது வேறு கதை. கால்சியப் பொடி தூவித் தருகிறீர்களா என்று பாருங்கள். கீரையையும் பூச்சியையும் கிண்ணத்தில் வையுங்கள். குட்டியாக இருந்தால், சுமார் ஆறு மாதம் வரை பேப்பரிலேயே வளர்ப்பது என் வழக்கம். தத்தக்கா பித்தக்கா என்று பாய்ந்து பிடிக்கிற வயதில் பூச்சியைவிட மண்தான் அதிகம் உள்ளே போகும்.

இன்னொன்று: எம்-சாண்ட். கட்டட வேலை மிச்சம் என்று அதை அள்ளிப் போடுகிறார்கள். உடைத்த கல்லின் கூர்முனை அப்படியே இருக்கும், கூடவே கல்தூளும். வேண்டாம். நீரில் உருண்டு மழுங்கிய ஆற்று மணலே மண்ணோடு கலக்க நல்லது. மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்று தொடங்கலாம்.

பாம்பின் வயிற்றுச் செதில் சிவக்கிறது, நீர்க்கொப்புளம் தெரிகிறது

பெரும்பாலும் ஈரம்தான். தொடர்ந்து நனைந்த மண்ணில் படுத்தால் செதில் ஊறி, கிருமி நுழைகிறது. உடனே பாம்பை உலர்ந்த பேப்பருக்கு மாற்றுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைத் தவிர வேறு ஈரம் வேண்டாம். போவிடோன் அயோடினை வெளிர் டீ நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து துடைக்கலாம். கொப்புளம் உடைந்தாலோ செதில் பழுப்பாகி உரிந்தாலோ வீட்டு வைத்தியம் முடிந்தது, மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

மண்ணுக்கு எவ்வளவு ஈரம் என்பதற்குக் கைப்பிடிச் சோதனை போதும். ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வந்தால் அதிகம். உருண்டை பிடித்து, தட்டினால் உடைந்தால் அடிமண்ணுக்குச் சரி. மேல் இரண்டு அங்குலம் எப்போதும் உலர்ந்தே இருக்கட்டும். தண்ணீரை மேலே தெளிக்காமல், ஒரு மூலையில் குழாய் நட்டு அடியில் ஊற்றினால் இது எளிது.

இணையத்தில் படிக்கிற வழிமுறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டில், ஹீட்டர் ஓடும் வறண்ட அறைக்காக எழுதியவை. "தினமும் தெளியுங்கள்" என்று அவர்கள் சொல்வதைச் சென்னையில் செய்தால் சேறுதான் மிஞ்சும். கடலோர ஊரில் அறையின் ஈரப்பதமே 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். கார்ன் ஸ்னேக்குக்கு 40–60 போதும், பியர்டட் டிராகனுக்கு 30–40. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான் தொட்டிக்குத் தண்ணீரே ஊற்றுவதில்லை. மூடியின் வலையை மறைக்காமல், அறையில் ஃபேன் ஓடவிட்டால் போதும். மூக்கில் குமிழி, மூச்சில் க்ளிக் சத்தம், தலையை உயர்த்தி வாய் திறந்து மூச்சு விடுவது எல்லாம் நுரையீரல் தொற்று, இதற்கு மருத்துவர்தான். ஆனால் பியர்டட் டிராகன் வெயில் மூலையில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பது சூட்டைத் தணிக்க. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மண் நாறுகிறது

எந்த நாற்றம் என்பதுதான் கேள்வி. முதல் மழை வாசனை என்றால் மண் உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் அடியில் காற்றில்லாமல் தண்ணீர் தேங்கியிருக்கிறது. களிமண் அதிகமுள்ள மண்ணில் இது சகஜம். கையை விட்டுத் தோண்டினால் கருப்பாக, வழுவழுப்பாக ஒரு அடுக்கு வரும். அதைக் கிளறிவிட்டுச் சமாளிக்க முடியாது. அள்ளிக் கொட்டிவிட்டு, மணல் கூட்டிப் புதுசாகப் போடுங்கள். காரமான, மூக்கில் ஏறும் நெடி என்றால் எச்சம் எங்கோ புதைந்திருக்கிறது, தேடி எடுங்கள்.

களி எவ்வளவு என்று முன்கூட்டியே அறிய ஒரு பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கலாகவே நிற்கும். மறுநாள் அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளக்கலாம். களி ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் வளை தோண்டினாலும் இடியாமல் நிற்கும், தண்ணீரும் இறங்கும்.

வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது

தொட்டுப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் பூஞ்சை. மண்ணை அவித்துப் போட்டவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். இருந்த உயிரையெல்லாம் கொன்ற காலி மனையில் முதலில் குடியேறுவது பூஞ்சை. பத்துப் பதினைந்து நாளில் தானே அடங்கும். அதுவரை கரண்டியால் எடுத்துப்போட்டு, காற்றோட்டம் கூட்டுங்கள். ஸ்பிரிங்டெயில் பூச்சி விட்டால் அவை பூஞ்சையைத் தின்றே பெருகும். ஆனால் பாலைவனத் தொட்டியில் அவற்றுக்கு ஈர மூலை ஒன்று வேண்டும்.

பொருபொருவென்று உப்புப் பொரிந்த மாதிரி இருந்தால் போர் தண்ணீர். கெட்டித் தண்ணீர் ஆவியாகி உப்பை மேலே விட்டுப்போகிறது. குடிதண்ணீருக்கு மாறுங்கள். சுண்ணாம்புக் கட்டி போல ஒரே இடத்தில் கிடந்தால் அது பிராணியின் சிறுநீர் உப்பு, எச்சத்தோடு சேர்த்து அள்ளிவிட வேண்டியதுதான்.

குட்டிக் குட்டியாக என்னவோ ஊர்கிறது

இங்கே அடையாளம் தெரிந்தால்தான் சரியான முடிவு எடுக்க முடியும். மிச்சத் தீனியிலும் மரக்கட்டையிலும் மொய்க்கும் வெளிர்நிற, மெதுவாக நகரும் உண்ணிகள் மட்கியதைத் தின்பவை. தீனி மிச்சத்தை எடுத்து, மண்ணை உலரவிட்டால் குறைந்துவிடும். பாம்பின் கண் விளிம்பிலும் தாடைக்கடியிலும் கருப்பு மிளகுப்பொடி தூவியது போல இருந்து, தண்ணீர்க் கிண்ணத்திலும் மிதந்தால் அது பாம்பு உண்ணி, இரத்தம் குடிப்பது. வெள்ளை டிஷ்யூவால் உடலை வழித்துப் பாருங்கள், சிவப்பாகத் தீற்றினால் உறுதி. இது தோட்டத்து மண்ணில் வந்திருக்காது; புதிதாக வாங்கிய பாம்போ, கடைச் சாமானோ கொண்டுவந்திருக்கும். இருந்தாலும் மண் முழுவதையும் மூட்டை கட்டி வெளியேற்றித்தான் ஆக வேண்டும், முட்டை அதில் இருக்கும். மருந்தை மருத்துவர் சொல்லட்டும். பாம்புக்குத் தரும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். ஒருவர் தொட்டிக்கு எழுதிய சீட்டை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எறும்பு வந்தால் தொட்டி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், பாட்டி மீன்சட்டிக்குச் செய்த அதே வேலை. எறும்புச் சாக்பீஸ் கோடு போட்டுவிடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி. மண்ணுக்குள்ளேயே புற்று இருந்தால் அந்த மண்ணே வேண்டாம். பூரான் கண்ணில் பட்டால் கிடுக்கியால் எடுத்துவிட்டு மிச்ச மண்ணையும் சலித்துவிடுங்கள், ஒன்றோடு நிற்காது. மின்மினியும் அதன் புழுவும் கூடாது: வட அமெரிக்க மின்மினி ஒன்றைத் தின்றே பியர்டட் டிராகன் செத்ததாகப் பதிவு உண்டு. நம்மூர் மின்மினியை வைத்து நான் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

இந்த வம்பெல்லாம் வராமல் இருக்க நான் செய்வது இதுதான். அரை சென்டிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் இறுக மூடி, ஓரத்தில் செங்கல் அடுக்கி 4 முதல் 6 வாரம் விட்டுவிடுவேன். கருப்புத் தாள் வேண்டாம், சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பழைய இட்லிப் பானையில் துணி கட்டி அவிக்கலாம். மண்ணின் நடுவில் 80 டிகிரியைத் தொட்ட பிறகு அரைமணி நேரம் போதும். அந்தப் பானை இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. மருந்து வாடை அடிக்கும் மண்ணை அடுப்பில் ஏற்றவே ஏற்றாதீர்கள், ஆவியாக உங்கள் மூக்குக்குத்தான் வரும்.

எச்சம் தண்ணீராக, வழக்கமில்லாத நாற்றத்தோடு

காக்சிடியா என்னும் ஒட்டுண்ணி பியர்டட் டிராகனிடம் சர்வசாதாரணம். பெரும்பாலும் அதுவே சுமந்து வந்திருக்கும். மண் அதைப் பெருக்கிவிடுகிறது, எச்சத்தில் வெளியேறுவது மண்ணிலேயே முற்றித் திரும்ப வாய்க்குள் போகிறது. சாதாரண கிருமிநாசினி அந்த முட்டையை ஒன்றும் செய்யாது. புது எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சிகிச்சை முடிந்து மறுபரிசோதனை சுத்தமாக வரும்வரை பேப்பர்தான், பழைய மண் குப்பைக்கு. புதிதாக வாங்கிய எந்தப் பிராணியையும் இரண்டு மூன்று மாதம் பேப்பரில் வைத்து எச்சம் பார்த்த பிறகே மண்ணுக்கு விடுவது இதனால்தான்.

மண் சிமென்ட் மாதிரி இறுகுகிறது, வெடிக்கிறது, தூசி கிளம்புகிறது

கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அது அதன் களியின் குணம், மணல் கலந்தாலும் முழுசாகத் திருந்தாது. நான் அதைத் தொடுவதில்லை. செம்மண் இறுகினால் மணலும் சருகும் கூட்டினால் சரியாகும். விரல்களைப் பாருங்கள்: ஈரக் களி நகத்தைச் சுற்றி ஒட்டிக் காய்ந்து மோதிரம்போல இறுக்கினால் விரலே கருகிப் போகும். ஊறவைத்து மெதுவாகக் கரையுங்கள், பிய்க்காதீர்கள். தூசி பறந்து ஒரு கண்ணை மூடியே வைத்திருந்தால் மருந்துக்கடை சலைனால் கழுவி, மண்ணின் நைசான பொடியைச் சலித்து நீக்குங்கள். இரண்டு கண்ணும் மூடியிருந்தால் தூசி இல்லை, பல்பைச் சந்தேகப்படுங்கள்.

வளை இடிகிறது, கல் சாய்கிறது

இதில் அறிகுறி வந்தபின் சரிசெய்ய ஒன்றும் இருக்காது, பிராணி நசுங்கியிருக்கும். கனமான கல்லை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் ஒரு பலகையோ ஓடோ வைத்து உட்காரவைத்து, அப்புறம் சுற்றி மண் கொட்டுங்கள். மண்மேல் கல் வைத்தால் பிராணி கல்லுக்கடியில்தான் தோண்டும். மண்ணுக்கடியில் ஹீட் மேட் (சூடு தரும் மின்விரிப்பு) வேண்டாம். மண் சூட்டை மேலே விடாது, தோண்டிப் போய் அதன்மேல் படுத்தால் வயிறு வெந்துவிடும். சூடு மேலிருந்தே வரட்டும். எடையையும் கணக்குப் போடுங்கள்: 120-க்கு 60 செ.மீ. தொட்டியில் 15 செ.மீ. மண் என்றால் 108 லிட்டர், ஈரமாக 150 கிலோவைத் தாண்டும். பழைய டிவி ஸ்டாண்ட் தாங்காது.

உங்கள் கையில் புண், காய்ச்சல்

ஊர்வன சால்மோனெல்லா என்னும் குடல் கிருமியைச் சுமப்பவை. தொட்டியில் கைவிட்ட பிறகு சோப்பு, ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குத் தொட்டி மண்ணில் வேலையில்லை. பலருக்குத் தெரியாத இன்னொன்று மெலியாய்டோசிஸ் என்னும் தொற்றுநோய். அதன் கிருமி தென்னிந்திய மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிறது, மழைக்காலத்தில் அதிகம் தாக்குகிறது, சர்க்கரை நோயாளிகளை மோசமாகப் பிடிக்கிறது. சர்க்கரை இருந்து கையில் வெட்டுக்காயமும் இருந்தால் கையுறை இல்லாமல் மண் சலிக்காதீர்கள். பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் மண் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

ஏதோ முளைக்கிறது

அடையாளம் தெரியாத முளையைப் பிடுங்கிவிடுங்கள். பார்த்தீனியம், எருக்கு, அரளி எது வேண்டுமானாலும் விதையாக வந்திருக்கலாம். புல் என்றால் விட்டுவையுங்கள். என் தொட்டியில் ஒரு கோரை இரண்டு முறை முளைத்தது. இரண்டு முறையும் டிராகன் அதன்மேல் ஏறிப் படுத்தே அதை முடித்துவிட்டது.